ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆடவல்லான்: வைத்த இடமும் பார்க்கும் கண்ணும்

பாளை ஓவிய ஆசிரியர் | ஞாயிறு, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் 32 ஆண்டுகள் பள்ளி மாணவர்களுக்கு ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மகள் நெதர்லாந்தில் பணியில் இருப்பதால் சென்ற மாதம் மூன்று வாரம் அவளுடன் தங்கியிருந்தேன். அவள் வேலைக்குப் போன நாள்களில் நான்கு நாள் தனியாக ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்குச் சென்று வந்தேன். பத்து இலட்சம் பொருள்கள் உள்ள தொகுப்பில் ஏறத்தாழ 8,000 மட்டுமே காட்சியில் இருக்கின்றன என்றார்கள். அந்த எட்டாயிரத்தையும் ஓடி ஓடிப் பார்ப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. மூன்றே மூன்று படைப்புகளின் முன்னால்தான் என் நேரத்தின் பெரும்பகுதி கழிந்தது. அவற்றைப் பற்றி நம் வட்டாரத்துக் கலை ஆர்வலர்களோடு பேச வேண்டும் என்றே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலாவது, டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் முடித்த ‘இரவுக் காவல்’. ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரமும் 4.5 மீட்டர் அகலமும் கொண்டு, படைத்தலைவரோடு காவற்படை புறப்படுவதைக் காட்டும் அந்த ஓவியம், நகரக் காவற்படையினர் கூடும் மண்டபம் ஒன்றில் மாட்டுவதற்காகவே தீட்டப்பட்டது. 1715இல் அதை நகர மன்றக் கட்டடத்துக்குக் கொண்டுபோனபோது, இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள சுவரில் அது கொள்ளவில்லை. சுவரை மாற்ற முடியாது என்பதால் ஓவியத்தின் நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டார்கள். இடப்பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் போயிற்று. வெட்டுவதற்கு முன்பே வேறொரு ஓவியர் செய்து வைத்த சிறிய படி ஒன்று இருப்பதால் போனது என்ன என்று நமக்குத் தெரிகிறது. அதில் படைத்தலைவர் நடுவில் நிற்கவில்லை; சற்று வலப்புறம் தள்ளி நின்று, தம் முன்னால் விரிந்து கிடக்கும் வெற்றிடத்தை நோக்கி அடியெடுத்து வைக்கிறார். வெட்டியதும் அவர் நடுவுக்கு வந்துவிட்டார், நடை நின்றுவிட்டது. மாணவர்களுக்கு ‘இடவெளியும் ஓவியத்தின் ஓர் உறுப்பே’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். அதை என் கண்ணால் உணர்ந்தது அந்தக் கூடத்தில்தான்.

பெயரும் பிழையானது. மேலே பூசிய மெருகெண்ணெய் நாளடைவில் கறுத்ததால் பின்வந்தவர்கள் அதை இரவு என்று எண்ணிப் பெயர் வைத்துவிட்டார்கள். 1940களில் அந்தப் படலத்தைத் துடைத்தபோது பகல் வெளிச்சம் வெளியே வந்தது. ஆனால் பெயர் மாறவில்லை.

இரண்டாவது, மற்றொரு டச்சு ஓவியரான வெர்மீர் தீட்டிய ‘பால் ஊற்றும் பெண்’. 45 சென்டிமீட்டர் உயரம்கூட முழுதாகத் தேறுமோ என்று ஐயப்படத் தோன்றும் அளவுக்குச் சிறியது. ஒரு சமையலறைப் பணிப்பெண் மண்பாண்டத்தில் பால் ஊற்றுகிறாள், அவ்வளவே. அந்தப் பாலின் தாரை எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொண்டு நின்றபோது, விடியற்காலையில் எங்கள் தெருவில் எருமைப்பால் அளந்து ஊற்றிய ஆச்சியின் மணிக்கட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. கடைசிச் சொட்டு வரை கை நடுங்காது. அந்தக் கவனம்தான் அங்கே ஓவியமாகியிருக்கிறது. அவளுக்குப் பின்னால் உள்ள வெறும் சுவரில் ஓர் ஆணியும் அதன் நிழலும் இருக்கின்றன. 2022இல் அறிவித்த ஆய்வின்படி, அந்தச் சுவரில் முதலில் குடுவைகள் தொங்கும் பலகை ஒன்றை வரையத் தொடங்கி, பிறகு வெர்மீரே அதை மூடிவிட்டாராம். மூடத் துணிந்ததால்தான் அவள் தனியே நிற்கிறாள்.

மூன்றாவதுதான் இந்த இழைக்குக் காரணம். ஆசியக் கலைகளுக்கான பகுதியில் நம் ஆடவல்லான், நடராஜர், நிற்கிறார். சோழர் காலம், 12ஆம் நூற்றாண்டு. 153 சென்டிமீட்டர் உயரம், ஏறத்தாழ 300 கிலோ எடை. நான் ராஜவல்லிபுரத்துக்குப் பக்கத்தில் செப்பறை அழகிய கூத்தரைச் சிறு வயதிலிருந்து வணங்கி வருபவன். திருவாதிரை அன்று அலங்காரத்துக்கு நடுவே திருமுகமும் எடுத்த திருவடியும்தான் நமக்குக் காட்சி. மற்றவை பட்டும் மாலையும். ஆம்ஸ்டர்டாமில் துணி இல்லை, மாலை இல்லை, சுற்றிவரத் தடையும் இல்லை. அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாக ஆடவல்லானின் முதுகைக் கண்டேன். சடை எப்படிப் பின்னால் முடிகிறது, ஊன்றிய காலின் பின்தசை எப்படி இறுகுகிறது என்று கண்டேன். கண்டு மகிழ்ந்தேனா, வருந்தினேனா என்று இன்னும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அங்கே கற்பூரம் இல்லை. ஓதுவாரின் குரல் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி மட்டும் ஒரு காலைத் தூக்கி நின்று பார்த்துத் தடுமாறினாள்.

ஒரு படைப்பை எங்கே வைக்கிறோமோ அந்த இடம், அதில் எதை நாம் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது என்பதை முடிவு செய்துவிடுகிறது. ‘இரவுக் காவல்’ அதற்குக் கண்கூடான சான்று. நம் செப்புத் திருமேனிகளுக்கு எது இடம்? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கல்லிடைக்குறிச்சிவாசி | ஞாயிறு, இரவு 10.05

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். உங்கள் கேள்விக்கு எங்கள் ஊருக்கு ஒரே விடைதான் உண்டு.

1982இல் எங்கள் குலசேகரமுடையார் உடனுறை அறம்வளர்த்த நாயகி கோயிலின் பூட்டை உடைத்து நடராஜரையும் மற்றத் திருமேனிகளையும் திருடிச் சென்றார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊரில் அன்று பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. அவர் கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் உள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடத்தில் 2001 முதல் ஓர் அரும்பொருளாக இருந்தார். அங்கே வந்தவர்களும் உங்களைப் போலவே சுற்றி வந்து முதுகைப் பார்த்து வியந்திருப்பார்கள். 2019 செப்டம்பரில், 37 ஆண்டுகள் கழித்து, அவர் திரும்பி வந்தார். அன்று தெருவில் நின்றவர்களில் எத்தனை பேர் சிற்ப அழகைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் அம்மா அவரிடம் ‘சாப்பிட்டீரா’ என்று கேட்டாள். 37 ஆண்டு நைவேத்தியம் இல்லாமல் நின்றவரிடம் வேறு எதைக் கேட்பது?

அழகைப் பார்க்க முடிகிறது என்பதற்காக ஒரு திருமேனி அயல்நாட்டில் நிற்கலாம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது. உற்சவர் என்றாலே வெளியே எழுந்தருள்பவர் என்று பொருள். பீடத்தில் தண்டு செருகத் துளை வைத்து வார்த்தவன், இவர் தோளில் ஏறி வீதி வலம் வர வேண்டும் என்று நினைத்தே வார்த்தான்.

அம்பை வார்ப்புப் பட்டறை | திங்கள், காலை 6.20

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் மூன்று தலைமுறையாகக் குத்துவிளக்கும் மணியும் வார்ப்பவர்கள். திருமேனி வார்க்கும் தொழில் எங்களுடையது அன்று என்றாலும் உலையும் உலோகமும் ஒன்றுதான் என்பதால் ஒரு செய்தி சொல்கிறேன்.

அந்த ரைக்ஸ் நடராஜரை ரோட்டர்டாம் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கச் சுங்கத்துறை வைத்திருக்கும் பெரிய ஊடுகதிர்ப் பொறிக்குள், ஏற்றிச் சென்ற வண்டியோடு சேர்த்துச் செலுத்திப் படம் எடுத்தார்கள் என்று முன்பு செய்தியில் படித்தேன். உள்ளே வெற்றிடம் ஏதும் இல்லை, திருவாசி உட்பட முழுக்கக் கனவார்ப்பு என்று தெரியவந்தது. ஐரோப்பாவின் பெரிய வெண்கலச் சிலைகள் பலவும் பொள்ளல் வார்ப்பாகவே இருக்கும். உள்ளே மண் கரு வைத்து, சுற்றிலும் மெல்லிய உலோகம் ஓடவிடுவார்கள். உலோகம் மிச்சம், குளிரும்போது வெடிக்கும் அச்சமும் குறைவு.

கனவார்ப்பில் 300 கிலோ என்பது என்ன என்று உலை முன்னால் நின்றவருக்குத்தான் தெரியும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, வண்டல் மண்ணை முதலில் பால் போல் கரைத்து மெல்லப் பூசி, காய்ந்ததும் அடுத்தடுத்த பூச்சுகளைத் தடிப்பாகக் கொடுத்து, கம்பி கட்டி, சூடு காட்டி மெழுகை வெளியேற்ற வேண்டும். பிறகு பல மூசைகளில் (உலோகம் உருக்கும் கலங்களில்) உருக்கியதை இடையில் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். ஒரு மூசை தாமதமானால் முன்னது தோல் கட்டிவிடும், இரண்டும் ஒட்டாது. தடித்த இடம் மெதுவாகவும் மெலிந்த இடம் விரைவாகவும் குளிரும். வீசிய கை, சுடர் வளையம், உடல் மூன்றும் மூன்று வேகத்தில் குளிர்ந்தும் கீறல் விழாமல் வந்திருக்கிறது என்றால், அந்தப் பட்டறையில் அன்று ஊற்றியவர்களின் கை ஒரே கையாக இருந்திருக்க வேண்டும். மேலே பூசிய மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க முடியும் என்பதால் இரண்டாவது வாய்ப்பே கிடையாது. நாங்கள் விளக்கைத் தண்டு, தட்டு, அன்னம் என்று பகுதி பகுதியாக வார்த்துத் திருகி இணைக்கிறோம். பிழைத்தால் ஒரு பகுதிதான் போகும்.

ஐயா பின்புறத்தைப் பார்த்தேன் என்று எழுதியதில் எனக்கு மகிழ்ச்சி. வார்த்தவன் முன்புறத்துக்கு எவ்வளவு உழைத்தானோ அவ்வளவு பின்புறத்துக்கும் உழைத்திருக்கிறான். பட்டு சாத்திவிடுவார்கள், யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே உழைத்திருக்கிறான்.

சித்த மருத்துவ மாணவி | திங்கள், பிற்பகல் 1.15

ஐயா, ‘இரவுக் காவல்’ பற்றி ஒன்று சேர்க்கலாமா? 2019இல் தொடங்கிய ஆய்வில் அந்த ஓவியத்தின் வண்ணங்களைப் பகுத்துப் பார்த்து வருகிறார்கள். வெளிர்நிற உடையில் படைத்தலைவருக்குப் பக்கத்தில் நடக்கும் துணைத்தலைவரின் பொன்வேலைப்பாட்டுக்கு, ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள், செம்மஞ்சள் நிறமிகளை ரெம்பிராண்ட் பயன்படுத்தியிருக்கிறார் என்று 2024இல் வெளியிட்டார்கள்.

அந்தக் குடும்பத்துக் கனிமங்கள் எங்களுக்குப் பாடம். மஞ்சளாக இருப்பது அரிதாரம், சிவந்திருப்பது மனோசிலை. இரண்டும் நஞ்சு என்பதால் சுத்தி (நஞ்சு நீக்கும் முறை) செய்யாமல் தொடக்கூடாது என்று முதல் ஆண்டிலேயே கற்பிப்பார்கள். கூத்துக்காரர்கள் முகத்தில் பூசியதும் அரிதாரம் என்பதால்தான் வேடம் போடுவதையே ‘அரிதாரம் பூசுதல்’ என்கிறோம். ஆம்ஸ்டர்டாம் ஓவியரின் தட்டிலும் நம் கூத்துக் கொட்டகையிலும் ஒரே கனிமக் குடும்பம் பொன்னாக நடித்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு நாள் முழுவதும் வேறு நினைவு ஓடவில்லை.

தென்காசி நூலகர் | திங்கள், இரவு 9.30

கல்லிடைக்குறிச்சி நண்பரின் வலியை மதிக்கிறேன். களவு போனது திரும்பத்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனாலும் இன்னொரு பக்கத்தை யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பிரெஞ்சுச் சிற்பி ரோடான், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராஜரை நேரில் பார்த்ததே இல்லை. ஒளிப்படங்களை மட்டும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, 1913 வாக்கில் ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியாகக் குறிப்பெழுதினார். அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1921இல் அது பாரிசில் வெளியானது. அந்தத் திருமேனி ஓர் அருங்காட்சியகத்தில் இருந்ததாலும், திரையின்றிப் படம் எடுக்க முடிந்ததாலும்தான் அது நிகழ்ந்தது. ஆடவல்லானை உலகச் சிற்பக் கலையின் உச்சங்களில் ஒன்றாக அயலார் பேசத் தொடங்கியதில் அந்தக் கட்டுரைக்குப் பங்கு உண்டு.

ஆதிச்சநல்லூரையும் எண்ணிப் பாருங்கள். 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் தோண்டியெடுத்ததைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னைக்குப் போயின. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் அவற்றைப் பார்க்க வேண்டுமானால் 600 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். 2023இல் அந்த இடத்திலேயே அகழ்ந்த குழிக்கு மேல் கண்ணாடி பரப்பிக் காட்சிக்கூடம் திறந்த பிறகுதான், தாழி எப்படி மண்ணுக்குள் சாய்ந்து கிடந்தது என்பதை என் பேரன் குனிந்து பார்த்தான். ஆக அருங்காட்சியகம் வேண்டாம் என்பதில்லை. தோன்றிய இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் அது அமைகிறது என்பதே என் கேள்வி.

பாளை ஓவிய ஆசிரியர் | செவ்வாய், காலை 7.10

எல்லோருக்கும் நன்றி. பட்டறைத் தம்பி எழுதியதை அச்செடுத்து என் பழைய குறிப்பேட்டில் ஒட்டிவிட்டேன்.

கல்லிடைக்குறிச்சித் தம்பிக்கு: உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு முன்னால் என் கட்டுரை முழுவதும் சிறியது. ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் நான் கண்டவர் 1935இல் அங்குள்ள ஆசியக் கலை ஆர்வலர் சங்கம் ஒன்று வாங்கி, அருங்காட்சியகத்தில் வைத்திருப்பவர். களவுப் பண்பாட்டுச் சொத்துகள் பற்றிய யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. நம் தொல்பொருள் சட்டம் 1972இல் வந்தது. 1982இல் பூட்டை உடைத்து எடுத்த உங்கள் நடராஜரின் வழக்கு வேறு, 1935க்கு முன் எந்தக் கோயிலிலிருந்து எந்த வழியாகப் போனார் என்ற கேள்வி வேறு. இரண்டாவது கேள்வியைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்கு நம் கையில் என்ன சான்று இருக்கிறது என்று கேட்கிறேன். உங்கள் நடராஜர் திரும்பி வந்ததில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் கோயில் கோயிலாகச் சென்று எடுத்து வைத்த ஒளிப்படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. படம் இல்லாத ஊரின் திருமேனி தொலைந்தால் அது வெறும் ‘தென்னிந்திய வெண்கலம்’ ஆகிவிடும்.

ஆகவே நூலகர் ஐயாவோடும் கல்லிடைக்குறிச்சித் தம்பியோடும் ஒரே நேரத்தில் உடன்படுகிறேன். வழிபாட்டில் உள்ள திருமேனிக்குக் கோயில்தான் இடம். ஆனால் அதன் முன்னும் பின்னும் பக்கமும் அளவோடு பதிவாகி, ஊரார் கையில் ஒரு படி இருக்க வேண்டும். அலங்காரத்துக்கு முன் ஆண்டுக்கு ஒருநாள் ஓவிய மாணவர்கள் தள்ளி நின்று பார்த்து வரைய அனுமதி கிடைத்தாலும் நல்லது. ஆகம முறைக்கு மாறாக எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. இரண்டாம் உலகப் போரின்போது ‘இரவுக் காவ’லைச் சட்டத்திலிருந்து கழற்றி உருளையில் சுற்றி, ஒளித்து ஒளித்து இடம் மாற்றி, கடைசியில் மாஸ்ட்ரிக்ட் நகரத்தை ஒட்டிய சுண்ணாம்புக் குகைகளுக்குள் வைத்துக் காத்தார்கள். அங்கே நின்று அதைப் படித்தபோது, படையெடுப்புக் காலங்களில் நம் ஊர்களில் திருமேனிகளை மணலிட்டு மண்ணுக்குள் புதைத்து வைத்தவர்களை நினைத்தேன். அவர்களில் எத்தனையோ பேர் இடத்தைச் சொல்லாமலே இறந்துபோனார்கள். வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது இன்றும் வெளிப்படுகின்றன.

கடையம் இளைஞன் | செவ்வாய், இரவு 11.50

ஐயா, நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஓவியம் முறையாகப் படித்தவன் இல்லை. ஆம்ஸ்டர்டாம் போகும் நிலையிலும் இல்லை. ‘இரவுக் காவல்’ ஓவியத்தை இணையத்தில் 71,700 கோடிப் படப்புள்ளிகளாகப் பதிவேற்றியிருக்கிறார்கள் என்று அறிந்து கைபேசியில் திறந்து பார்த்தேன். பெருக்கிக்கொண்டே போனால் ஒரு மனிதரின் கண்மணியில் வைத்த வெள்ளைப் பொட்டும், அதன் மேல் விழுந்த கீறலும்கூடத் தெரிகின்றன. ஆனால் அதன் பிறகு என்ன பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. கால் மணி நேரத்தில் மூடிவிட்டேன். நான்கு நாள் நீங்கள் என்ன செய்தீர்கள்?

பாளை ஓவிய ஆசிரியர் | புதன், காலை 6.45

தம்பி, நேர்மையாகக் கேட்டிருக்கிறாய். கைபேசியில் எவ்வளவு பெருக்கினாலும் அளவு தெரியாது. அந்தப் படைத்தலைவர் நம் ஆள் உயரத்தில் நம்மை நோக்கி வருவதும், பால் ஊற்றும் பெண் உன் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள் போலிருப்பதும் திரையில் ஒரே அளவாகிவிடுகின்றன. அதனால் முதலில் அளவைக் காகிதத்தில் எழுதி, சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் அந்தக் கட்டத்தை வரைந்துகொள். பிறகு படத்தைப் பார்.

நான் செய்தது இதுதான். முதல் அரைமணி நேரம் பெயர்ப்பலகையைப் படிக்கவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தேடினேன். பிறகு கைகளை மட்டும் பார்த்தேன். படைத்தலைவரின் நீட்டிய கையின் நிழல் துணைத்தலைவரின் உடையில் விழுவதை அப்போதுதான் கண்டேன். ஒருவர் மற்றவரைத் தொடாமலே தொட்டிருக்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் வரைந்து பார்த்தேன். எங்கே நினைவு வரவில்லையோ அங்கே மறுபடி பார்த்தேன். நான்கு நாளும் இப்படித்தான் போயிற்று.

இதற்கு ஆம்ஸ்டர்டாம் வேண்டாம். ஆடவல்லான் நடமாடும் ஐந்து சபைகளில் இரண்டு நம் நெல்லைச் சீமையில் இருக்கின்றன. நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை. குற்றாலத்தில் சித்திர சபை. கடையத்திலிருந்து குற்றாலம் பேருந்தில் எவ்வளவு நேரம்? சித்திர சபையில் ஆடவல்லான் செம்பும் இல்லை, கல்லும் இல்லை. சுவரோவியமாகவே வழிபாடு ஏற்கிறார். கூட்டம் இல்லாத ஒரு நாளில் போய், ஒரு மணி நேரம் ஒரே சுவரின் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்து எழுது.

கடையம் இளைஞன் | ஞாயிறு, இரவு 7.30

ஐயா, இன்று போய் வந்தேன். அருவியில் தண்ணீர் குறைவு என்பதால் கூட்டம் இல்லை. சபைக்குள் ஐம்பது நிமிடம் இருந்தேன்.

முதல் பத்து நிமிடம் எதுவுமே பிடிபடவில்லை. சுவர் முழுக்க உருவங்கள் நெருங்கி இருப்பதால் கண் எங்கும் நிற்கவில்லை. நீங்கள் சொன்னபடி கைகளை மட்டும் பார்க்கத் தொடங்கியபோது கூட்டம் தனித்தனி ஆள்களாகப் பிரிந்தது. பிறகு ஆடவல்லானின் முன்னால் வந்து நின்றேன். இந்த இழையில் எல்லோரும் பின்புறத்தைப் பற்றிப் பேசியதால் எனக்கு அதே நினைவாக இருந்தது. சுவரில் இருப்பவருக்கு முதுகே கிடையாது. யாரும் சுற்றி வந்து பார்க்க முடியாது, தோளில் தூக்க முடியாது, திருடிக்கொண்டுபோய் விற்கவும் முடியாது. சுவர் இருக்கும் வரை இருப்பார். சுவரில் ஈரம் ஏறினால் அவரும் போய்விடுவார். வெளியே வந்து சபையைச் சுற்றி நடந்து, அந்தச் சுவருக்குப் பின்பக்கம் எது என்று தேடிப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன்.

வரைந்தும் பார்த்தேன். ஊன்றிய கால் சரியாக வரவில்லை. எடை முழுவதும் அதில் இறங்க வேண்டும் என்று தெரிகிறது, கையில் வரவில்லை.

அம்பை வார்ப்புப் பட்டறை | ஞாயிறு, இரவு 9.05

தம்பி, அந்தக் காலை வரையும் முன் நீயே முழங்காலை மடக்கி ஒற்றைக் காலில் நின்று பார். எந்த இடத்தில் நடுக்கம் வருகிறதோ அந்த இடத்தில்தான் வார்ப்பவனும் உலோகத்தைத் தடிப்பாக விடுவான்.

பாளை ஓவிய ஆசிரியர் | திங்கள், காலை 6.15

அருங்காட்சியகத்தில் அந்தச் சிறுமி செய்ததும் அதுதான்.

தம்பி, வரைந்த தாளை அழிக்காதே. தேதியும் நேரமும் எழுதி வை. மார்கழித் திருவாதிரைக்குச் சித்திர சபையில் தாண்டவ தீபாராதனை நடக்கும். விளக்கு மேலும் கீழுமாக அசையும்போது அதே கால் வேறு விதமாகத் தெரியும். நானும் வருகிறேன். தென்காசியிலிருந்து நூலகர் ஐயா வந்தால், பேரனையும் அழைத்து வரட்டும். ஆளுக்கு ஒரு பலகையும் நான்கைந்து தாளும் என் செலவு.